பல் கடிக்கிறது என்று சொல்லும் ஊரில்

பர்மிய மொழியில் பல் வலிக்காது, கடிக்கும். ‘துவா கைக்’ என்பார்கள். துவா என்றால் பல். கைக் என்றால் கடித்தல். நாய் கடித்தாலும் அந்தச் சொல்தான், தலைவலிக்கும் அந்தச் சொல்தான். ரங்கூனில் பிறந்த எனக்கு இப்போது வயது 56. ஊர்ப்பெயரை 1989இல் யாங்கோன் என்று மாற்றிவிட்டார்கள். எங்கள் வீட்டு வாய்களில் அது இன்னும் ரங்கூன்தான். இத்தனை வருடம் யோசிக்காமல் சொல்லிவந்த ‘துவா கைக்’கின் பொருத்தம், ஒரு மழைக்கால இரவில் என் வலது கீழ்க் கடைவாய்ப்பல் என்னையே திருப்பிக் கடித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

நான் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். இந்தியாவுக்குப் போகும் உளுந்தும் துவரையும் எங்கள் மேசைமேல் சின்னச் சின்னப் பைகளில் மாதிரியாக வரும். ஈரம் இருக்கிறதா என்று பார்க்க இப்போது கருவி உண்டு. ஆனாலும் பழைய ஆட்கள் ஒரு மணியை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பார்கள். ‘டக்’ என்று உடைந்தால் காய்ந்த சரக்கு. நசுங்கினால் இன்னும் வெயில் வேண்டும். கணக்கு எழுதுகிறவளுக்கு இது வேலை இல்லைதான். 20 வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததில் எனக்கும் பழக்கமாகிவிட்டது. ஒருநாள் உளுந்தோடு உளுந்தாக ஒரு கல் இருந்தது. உடைந்தது கல் இல்லை என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

முதல் சில வாரம் தண்ணீர் குடித்தால் மட்டும் கூசியது. பிறகு கூச்சம் வந்தால் போகாமல் நின்றது. தண்ணீர் தொண்டையில் இறங்கிய பின்னும் பல் அரை நிமிடம் முனகிக்கொண்டே இருந்தது. அதற்கும் பிறகு எல்லாம் தலைகீழ். சூடான தேநீர் பட்டால் உயிர் போயிற்று, ஐஸ் தண்ணீர் பட்டால் சுகமாக இருந்தது. அலுவலகத்துக்கு ஐஸ் தண்ணீர் பாட்டில் எடுத்துப் போய், வாயில் ஒரு மிடறு வைத்துக்கொண்டே வரவு செலவு எழுதினேன். யாராவது கேள்வி கேட்டால் விழுங்கிவிட்டுத்தான் பதில்.

இந்தக் காலத்தில் நான் செய்த மடத்தனங்களை மறைக்காமல் சொல்கிறேன். முனைக்கடையில் பல்வலி என்றதும் நாலைந்து நிற மாத்திரைகளை ஒரு சிறு பிளாஸ்டிக் பொட்டலத்தில் கலந்து கொடுப்பார்கள். அதில் என்னென்ன இருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. அதை வெறும் வயிற்றில் விழுங்கி வயிற்றெரிச்சலும் சேர்ந்துகொண்டது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் அடக்கிக்கொண்டு படுத்தேன். காலையில் ஈறு வெந்து வெள்ளையாக உரிந்தது. ஆஸ்பிரின் ஓர் அமிலம். விழுங்கினால் மருந்து, ஈறில் வைத்தால் சூடு போட்டதுபோல. இலவங்கத் தைலத்தைப் பஞ்சில் தொட்டு வைத்தது மட்டும் ஒரு மணி நேரம் தூங்க உதவியது.

அப்புறம் ஒருநாள் வலி நின்றுவிட்டது. சுத்தமாக. சூடும் இல்லை, குளிரும் இல்லை. அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று காளியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தேன்.

இரண்டு மாதம் கழித்துக் கன்னம் வீங்கியது. மரப்பட்டையை அரைத்த சாந்தான தனாக்காவைத் தடித்துப் பூசி மறைத்துப் பார்த்தேன். ஊரே முகத்தில் தனாக்கா பூசுகிற ஊர் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது என்று எண்ணம். ஒரு பக்கம் கொழுக்கட்டையாக இருந்தால் எந்தத் தனாக்கா மறைக்கும்? என் தம்பிதான் இழுத்துக்கொண்டு போனான்.

இங்கே தனியார் கிளினிக்குகளை, மருந்து அறை என்ற பொருளில், ‘சேகான்’ என்பார்கள். பல சேகான்கள் மாலையில்தான் களைகட்டும். பகலில் வேறிடத்தில் வேலை பார்க்கும் டாக்டர்கள் சாயங்காலம் வந்து உட்காருவது வழக்கம். நாங்கள் போனது இரண்டு நாற்காலிகள் உள்ள சின்ன இடம். டாக்டர் பர்மியப் பெண்மணி, என்னைவிடப் பத்து வயது இளையவர் இருக்கலாம். ஆசிரியையையும் பெண் டாக்டரையும் அழைக்கும் மரியாதைச் சொல் ‘சயாமா’. அவரை இனி அப்படியே சொல்கிறேன்.

வாயைத் திறக்கச் சொல்லும் முன் அவர் என்னிடம் நிறையக் கேட்டார். கடிக்கிறதா, கூசுகிறதா? பர்மியத்தில் கூச்சத்துக்கு ‘செயின்’ என்ற சொல் உண்டு. தானாக வருகிறதா, எதாவது பட்டால் வருகிறதா? வந்தால் எவ்வளவு நேரம் நிற்கிறது? இரவில் எழுப்புகிறதா? மெல்லும்போதா? எந்தப் பல் என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறதா, பக்கம் முழுவதும் பரவுகிறதா? நான் ஏதோ வழக்கில் சாட்சி சொல்வதுபோல விழித்தேன். பின்னால்தான் புரிந்தது, பல் டாக்டருக்குப் பாதி நோய் இந்தப் பதில்களிலேயே தெரிந்துவிடும் என்று.

தமிழில் இதற்கெல்லாம் பர்மியத்தைவிட நல்ல சொற்கள் இருக்கின்றன. நாம்தான் டாக்டர் முன்னால் எல்லாவற்றையும் ‘வலிக்கிறது’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். குளிர்ந்தது, இனிப்பு, புளிப்பு பட்டதும் சுரீரென்று வந்து உடனே போனால் அது கூச்சம். மேல்பூச்சு தேய்ந்திருக்கலாம், ஈறு இறங்கி வேர் தெரியலாம், சொத்தை தொடங்கியிருக்கலாம். பெரும்பாலும் சிறிய வேலையோடு முடியும். வந்த கூச்சம் போகாமல் நின்றாலோ, தானாகவே குடைந்தாலோ, படுத்ததும் விண்விண்ணென்று தெறித்தாலோ பல்லின் உள்ளே இருக்கும் கூழ் அழற்சி கண்டுவிட்டது. கடித்தால் மட்டும், அதுவும் கடித்த கடியைத் தளர்த்துகிற நொடியில் சுருக்கென்றால் விரிசலைச் சந்தேகிப்பார்கள். பல் உயர்ந்துவிட்டதுபோல, மற்றப் பல்லைத் தொடும் முன்பே அது இடிப்பதுபோல இருந்தால் வேர் முனையில் சீழ் கோத்திருக்கலாம். ஈறு முழுதும் நமைச்சல், துலக்கினால் ரத்தம் என்றால் அது ஈறு நோய். அதற்கு வலி கடைசியில்தான் வரும், சில நேரம் வராமலே பல்லை ஆட்டிவிடும். இந்தச் சொற்களை வீட்டிலேயே யோசித்து வைத்துக்கொண்டு போனால் நாற்காலியில் பதறாமல் சொல்லலாம். முந்திய நாள் மாத்திரை போட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் டாக்டர் தட்டிப் பார்க்கிற பல் பொய் சொல்லும்.

வலி நின்றதற்கு நான் தேங்காய் உடைத்த கதையைச் சொன்னதும் சயாமா சிரிக்கவில்லை. எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். வேரின் முனையில் கறுப்பாக ஒரு வட்டம், உளுந்து அளவு. விரிசல் வழியாகக் கிருமி உள்ளே போயிருக்கிறது. உள்ளே இருக்கிற கூழுக்கு நரம்பும் ரத்தக்குழாயும் உண்டு, ஆனால் வீங்க இடம் கிடையாது. சுற்றிலும் கல்போன்ற சுவர். அதனால்தான் அந்தக் குடைச்சல். கூழ் அழுகும் கட்டத்தில் சூடு பட்டால் வலி கூடும், குளிர் பட்டால் அடங்கும். என் ஐஸ் பாட்டிலின் ரகசியம் அதுதான். கடைசியில் கூழ் செத்துப்போனதும் சொல்வதற்கு ஆள் இல்லை. கிருமி மட்டும் இருந்த இடத்தில் இருந்துகொண்டு எலும்பைத் தின்கிறது. நான் தேங்காய் உடைத்தது ஒரு சாவுக்கு.

“ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுங்கள், வீக்கம் வடிந்துவிடும்” என்றேன். எனக்கு அப்போதும் நாற்காலியிலிருந்து இறங்குவதே குறி. வீக்கம் வடியும், ஆனால் பல்லுக்குள் இருக்கிற அழுக்குக்கு ரத்த ஓட்டமே இல்லாததால் மருந்து அங்கே போய்ச் சேராது, சில வாரத்தில் திரும்பி வருவீர்கள் என்றார். உள்ளே திறந்து சுத்தம் செய்ய வேண்டும், அல்லது பல்லை எடுக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. கூடவே ஒன்றை அழுத்திச் சொன்னார். வீக்கம் கண்ணை நோக்கி ஏறினாலோ, தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் இறங்கினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, எச்சில் விழுங்கவோ வாய் திறக்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டாலோ சேகானுக்கு வரக் கூடாது, நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நள்ளிரவானாலும்.

எந்தச் சேகானுக்குப் போவது என்று என்னிடம் இப்போது பலர் கேட்கிறார்கள். பளபளப்பான வரவேற்பறையைப் பார்த்து ஏமாற வேண்டாம். பலகையில் டாக்டரின் பெயரோடு பல் மருத்துவப் பட்டம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். இந்த நாட்டில் பல் மருத்துவப் பல்கலைக்கழகங்கள் ரங்கூனிலும் மாந்தளையிலும் இருக்கின்றன, படித்தவர்கள் அதை எழுதாமல் விட மாட்டார்கள். கருவிகள் ஒட்டிய பையிலிருந்து என் கண்முன்னே பிரிக்கப்படுகின்றனவா என்பது அடுத்தது. நீராவி அழுத்தக் கலத்தில் 121 டிகிரியில் கால்மணி நேரம், அல்லது 134 டிகிரியில் மூன்று நிமிடத்துக்குக் குறையாமல் வைத்தால்தான் அவை கிருமி நீங்கியவை. அந்தப் பையில் வெப்பம் பட்டதும் நிறம் மாறும் ஓர் அடையாளம் இருக்கும், கேட்டால் காட்டுவார்கள். மஞ்சள் காமாலைக் கிருமி ரத்தத்தின் வழியாகவும் பரவும் என்பதால் கேட்க வெட்கப்படக் கூடாது. நல்ல டாக்டர் இதைக் கேட்டால் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அதுவே பதில்.

ரங்கூனுக்கென்றே உரிய இன்னொரு கேள்வியும் உண்டு: ஜெனரேட்டர் இருக்கிறதா? மின்சாரம் எத்தனை மணிக்கு வரும், போகும் என்று பார்த்துத்தான் நாங்கள் சோறு வடிக்கிறோம். பல் துளைக்கிற கருவியும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. என் முதல் நாள் வேலையில் பல்லைத் துளைத்துத் திறந்து பாதி வந்தபோது எல்லாம் நின்றது. வாயில் ரப்பர் திரை மாட்டியிருந்தது. அது வேர் சிகிச்சையில் ஊசிக்கருவி தொண்டைக்குள் விழாமலும் எச்சில் பல்லுக்குள் போகாமலும் காக்கும் திரை. கன்னம் மரத்துப் போயிருக்கிறது, பேச முடியாது, இருட்டு. ஜெனரேட்டர் இழுத்தார்கள், இருமியது, அடங்கியது. சயாமா பதறவில்லை. உதவியாளர் கைப்பேசி விளக்கைப் பிடிக்க, கையாலேயே மெல்லிய ஊசிக்கருவியால் வேர்க்குழாய்களைச் சுரண்டி, மருந்து நீரால் அலசி, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்தார். அடைத்து முடித்த நேரத்தில் தெரு முழுவதும் “மீலாபி!” என்று கத்தியது. விளக்கு வந்துவிட்டது என்று பொருள். இந்த ஊரில் ஒரு நாளைக்குப் பல முறை கேட்கிற ஒரே மகிழ்ச்சிக் கூச்சல் அதுதான். நானும் ரப்பர் திரைக்குள்ளிருந்து ஏதோ கத்தினேன்.

மூன்று முறை போனேன். கீழ்க் கடைவாய்ப்பல்லில் பெரும்பாலும் மூன்று குழாய்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் வேர் முனை வரை அளந்து, சுத்தப்படுத்தி, உலர்த்தி, கடைசியில் மரப்பால் பசையால் ஆன மெல்லிய குச்சிகளால் அடைத்தார். ‘வேர் சிகிச்சை’ என்றால் கேட்டவர்கள் முகம் சுளிக்கிறார்கள். மரக்க ஊசி சரியாக இறங்கிவிட்டால் வாயைத் திறந்துகொண்டே இருப்பதுதான் உண்மையான வேதனை. ஆனால் சீழ் கட்டி வீங்கியிருக்கும்போது அந்த ஊசி அவ்வளவாகப் பிடிக்காது. அதனால்தான் வலி உச்சத்துக்கு வரும்வரை காத்திருப்பவர்கள் ‘எனக்கு மரக்கவே இல்லை’ என்று கதை சொல்கிறார்கள். மரத்த உதடு உயிர் பெற இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை சாப்பிடக் கூடாது. நான் பசி தாங்காமல் மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் சாப்பிட்டேன். நூடுல்ஸோடு சேர்த்து என் கன்னத்தையும் மென்றிருக்கிறேன்.

பணம். இங்கே மருந்தும் பசையும், பல்லின்மேல் தொப்பிபோல மாட்டும் உறையும் வெளிநாட்டிலிருந்து வருகிறவை. டாலர் ஏறினால் பல்லும் ஏறும். எங்கள் சேகானின் விலைப்பலகையில் எண்கள் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. அதனால் முதல் நாளே முழுக் கணக்கையும் காகிதத்தில் எழுதி வாங்குவது நல்லது. எக்ஸ்ரே சேர்த்தா, தனியா? எத்தனை முறை வர வேண்டும், ஒவ்வொரு முறையும் எவ்வளவு? உறை அந்த விலையில் அடங்குமா? என்னைப்போலக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவளே இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிட்டேன். வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப்பல்லில் கூழ் போய், சுவரும் பெரும்பகுதி போயிருக்கும். உறை மாட்டாமல் விட்டால் ஒருநாள் அது இரண்டாகப் பிளக்கக்கூடும், பிளந்தால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. எங்கள் மாடியில் மூன்றாவது வீட்டு அண்ணன் அப்படித்தான் வேர் சிகிச்சைக்குக் கொடுத்த பணத்தையும் பல்லையும் சேர்த்து இழந்தார். பின்பல்லுக்கு உலோக உறையே போதும் என்று சயாமா தானாகவே சொன்னார். பீங்கான் உறை அழகு. ஆனால் கடைவாயை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? உளுந்து கடிக்கக் கூடாது என்று மட்டும் நிபந்தனை. இப்போது ஈரம் பார்க்கும் கருவியை நானே கையில் எடுக்கிறேன்.

என் தம்பியைப் பற்றி ஒரு சொல். கோயில் திருவிழாவில் கன்னத்தில் அலகு குத்திக்கொண்டு காவடி எடுப்பவன். ஒரு கையளவு நீளமுள்ள வேல் இந்தக் கன்னத்தில் நுழைந்து அந்தக் கன்னத்தில் வரும், முகத்தில் சுளிப்பு இருக்காது. அதே ஆள் பல் டாக்டரின் ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்தான். விரதத்தில் இருந்தான், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும். பல் எடுக்கவோ அடைக்கவோ போகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால் உணவும் மருந்தும் வழக்கமான நேரத்தில் முடித்திருக்க வேண்டும், கடைசியாகப் பார்த்த சர்க்கரை அளவையும் சொல்ல வேண்டும். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாகவே அதை நிறுத்திவிட்டு வரக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் அவர் பார்த்துக்கொள்வார்.

அவனுக்கு ஞானப்பல் எடுத்தார்கள். மேல்பல்லை எடுத்தால் கண் பார்வை போகும் என்று எங்கள் அம்மா காலத்திலிருந்து சொல்லிவருவது வெறும் பேச்சு. கண்ணுக்குப் போகும் நரம்பு வேறு. எடுத்த பிறகு பஞ்சை அரைமணி நேரத்துக்குக் குறையாமல் கடித்திருக்கச் சொன்னார்கள். குழியில் உறையும் ரத்தம்தான் இயற்கையான கட்டு. முதல் நாள் கொப்பளிக்கக் கூடாது, துப்பிக்கொண்டே இருக்கக் கூடாது, உறிஞ்சுகுழலில் குடிக்கக் கூடாது. சுருட்டைச் சில நாளுக்குத் தொடவே கூடாது. தம்பி இரண்டாம் நாள் சுருட்டைப் பற்றவைத்தான். மூன்றாம் நாள் குழி காய்ந்து, காது வரை தெறித்து, மறுபடியும் சயாமாவிடம் போய் நின்றான். திட்டினாரா என்று கேட்டேன். ‘சும்மா பார்த்தார், அதுவே போதும்’ என்றான்.

இன்னொன்று, மாமா முறையில் ஒருவருடைய செயற்கைப் பல். கண்ணாடிப் பெட்டியில் பல்வரிசைகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஒரே நாளில் பல் கட்டித்தரும் ஒரு கடையில், போன ஒரு பல்லுக்குப் பதிலாக ஒரு பல்லைப் பிசினால் இரண்டு பக்கத்துப் பற்களோடும் சேர்த்து ஒட்டிக் கொடுத்தார்கள். மலிவு, கழற்றும் தொல்லை இல்லை என்று சந்தோஷப்பட்டார். கழற்ற முடியாததைக் கழுவவும் முடியாது. அடியில் சோறு அழுகி, இரண்டு வருடத்தில் தாங்கி நின்ற இரண்டு நல்ல பற்களும் ஆடின. ஒரு பல்லுக்கு மூன்று பல். கழற்றி மாட்டும் செட்டானால் இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும், அவ்வளவுதான் தொல்லை.

இனி என் அத்தையைப் பற்றி. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அத்தைக்கு 71 வயது. பெகுப் பக்கத்துக் கிராமத்தில் வயலோடு வாழ்ந்தவர். தமிழ்தான் பேச்சு, பர்மியம் சந்தைக்கு மட்டும். மாமா போன பிறகு என்னோடு இருக்கிறார். காலையில் எழுந்ததும் தெருமுனைக்குப் போய்க் குன்யா வாங்கிவருவார். வெற்றிலையை விரித்து, தூரிகையால் சுண்ணாம்பைத் தாராளமாகப் பூசி, பாக்கு, காசுக்கட்டி, புகையிலை வைத்து மடித்து, நாலைந்தை ஒரு சின்னப் பையில் போட்டுத் தருவார்கள். இந்த ஊரின் நடைபாதைகள் சிவப்பாக இருப்பது அதனால்தான். நமக்கோ வெற்றிலைபாக்கு மங்கலப் பொருள். நிச்சயதார்த்தத்தில் தட்டில் வைத்து மாற்றிக்கொள்வதை வாயில் போடாதே என்று எப்படிச் சொல்வது? நானும் சொன்னதில்லை.

எனக்கு முதலில் உறுத்தியது மெழுகுவத்தி. மின்சாரம் வந்ததும் நாங்கள் எல்லாரும் ஊதி அணைப்போம். அத்தை விரலை எச்சிலில் தொட்டுத் திரியைக் கிள்ளி அணைப்பார். கிராமத்துப் பழக்கம் என்று விட்டுவிட்டேன். பிறகு குழம்பில் காரம் குறைக்கச் சொன்னார். வயதானால் அப்படித்தான் என்றார். இட்லியைச் சின்னச் சின்னதாகக் கிள்ளித் தின்றார். ஒருநாள் கொட்டாவி விட்டபோது பார்த்தேன், வாய் பாதிதான் திறந்தது.

“அத்தை, வாய் வலிக்கிறதா?”

“வலியெல்லாம் ஒன்றும் இல்லையம்மா. எனக்கு என்ன குறை?”

வலி இல்லை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு என் தேங்காய் நினைவுக்கு வந்தது. மறுநாள் சாயங்காலமே கூட்டிப்போனேன்.

சயாமா அவரை ‘அப்வா’ என்று பாட்டி முறை வைத்து அழைத்து, பற்களைப் பார்க்கும் முன் கன்னத்தின் உட்புறத்தைப் பார்த்தார். விரலால் தடவினார். பிறகு அத்தையின் மூன்று விரல்களையே சேர்த்து நிறுத்தி, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் வைக்கச் சொன்னார். பெரும்பாலானவர்களுக்குத் தம்முடைய மூன்று விரல்கள் நுழையும். அத்தைக்கு ஒன்றரைதான் நுழைந்தது. எனக்கு உள்ளே காட்டினார். சிவந்து ஈரமாக இருக்க வேண்டிய கன்னம் பழைய காகிதம்போல வெளிறி, விரலால் தொட்டால் கயிறு கயிறாக இருந்தது. பாக்கு வருடக்கணக்கில் செய்த வேலை. சதைக்கு அடியில் நார் படிந்து இறுகிவிடுகிறது. காரம் எரிவதும் ஊத முடியாமல் போவதும் அதன் அடையாளங்கள். நான் மெழுகுவத்தியைச் சொன்னதும் சயாமா தலையசைத்து அதையும் சீட்டில் எழுதிக்கொண்டார்.

இடது கன்னத்தில், குன்யாவை அடக்கி வைக்கிற இடத்தில், துடைத்தால் போகாத ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. அதிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். இதை நான் தமிழில் சொல்ல வேண்டும். எனக்கு வார்த்தை வரவில்லை. ‘கொஞ்சம் சதை எடுத்துப் பார்ப்பார்களாம்’ என்றேன். அத்தை என்னையும் சயாமாவையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “புற்றா என்று கேள்” என்றார். எந்தச் சொல்லை நான் ஒளித்தேனோ அதை அவரே எடுத்து வைத்துவிட்டார். மொழிபெயர்க்கப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்: பெரியவர்களுக்கு மென்று ஊட்டத் தேவையில்லை.

முடிவு வரப் பத்து நாள். புற்று இல்லை. ஆனால் அந்தத் திட்டு மாறக்கூடியது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும், குன்யாவை அடியோடு விட வேண்டும். இறுகியது பழையபடி இளகாது, மேலும் இறுகாமல் பார்த்துக்கொள்ளலாம்.

அத்தை உடனே பேரம் தொடங்கினார். “புகையிலையை எடுத்துவிடுகிறேன். வெறும் வெற்றிலையும் பாக்கும்.” நான் இதில் நியாயம் இருப்பதாகவே நினைத்தேன். சயாமா மறுத்தார். வாயை இறுக்குவதே பாக்குதான். புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. “வெற்றிலை மட்டும்?” என்றார் அத்தை. “அப்வா, வெற்றிலையை மட்டும் எத்தனை நாள் மெல்வீர்கள்? நான்காம் நாள் பாக்கு தானாக வந்து உள்ளே உட்காரும்” என்றார் சயாமா. நான் மொழிபெயர்ப்பதற்குள் அத்தை சிரித்துவிட்டார். சந்தைப் பர்மியம் அவ்வளவுக்குப் போதுமாக இருந்தது.

முதல் பத்து நாள் வீடு நரகம். அத்தைக்குத் தலைவலி, எரிச்சல், என்மேல் கோபம். ஏலக்காய், சோம்பு, வறுத்த கொத்தமல்லி என்று சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். மற்றதைவிட அதிகம் உதவியது கடைப் பக்கம் போகாமல் இருந்ததுதான். கோயிலுக்கு வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனோம். ஒருமுறை முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை நான் கண்டுபிடித்தேன். இரண்டு நாள் பேச்சில்லை. வாய்ப் பயிற்சிக்கு ஐஸ்கிரீம் குச்சிகளைச் சேர்த்து அடுக்கிப் பற்களுக்கு நடுவில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் வைத்திருந்து, சில நாளுக்கு ஒருமுறை ஒரு குச்சி கூட்ட வேண்டும். எண்ணிக்கையைக் காலண்டரில் நான் குறித்து வைப்பேன், கணக்குப் பழக்கம். பதினொன்றில் தொடங்கினார். எட்டு மாதத்தில் பதினாறு.

அத்தையின் பல்லில் படிந்திருந்த கல்லை எடுக்கவும் ஒருநாள் வைத்தார்கள். சிவப்பும் கறுப்புமாகப் பல்லையே மூடியிருந்த கட்டி போனதும், ‘பல் ஆடுகிறது, நன்றாக இருந்ததைக் கெடுத்துவிட்டார்கள்’ என்றார். பல்லைப் பிடித்துக்கொண்டிருந்தது கட்டியே. ஈறு ஏற்கெனவே இறங்கிவிட்டது. சில வாரத்தில் ஈறு இறுகியது, ஆட்டமும் ஓரளவு குறைந்தது. கண்ணாடியில் தன் பல்லின் சொந்த நிறத்தைப் பார்த்து, “இது என் அம்மாவின் பல்” என்றார்.

போன வாரம் மூன்றுமாத முறைக்குப் போனோம். நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தை உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் சொல்லிக் கொடுக்காத ஒன்றை, தானே எங்கேயோ கேட்டுப் பழகியதை, சயாமாவிடம் சொல்வது கேட்டது: “துவா மகைக்பூ.” பல் கடிக்கவில்லை.

“மகைக்பூவா? சரி, பார்க்கலாம்” என்று சயாமா விளக்கை இழுத்தார். அத்தை மூன்று விரலைச் சேர்த்துத் தானாகவே வாயருகே கொண்டுபோனார்.